"தெரியலை" என்று ஒரு ரிசல்ட்

அத்தியாயம் 12

சட்டைக் காலர் அரை அங்குலம் பத்தாமல் போனதில்தான் அந்த வீட்டுக்குள் கவலை நுழைந்தது.

டிரைவிங் ஸ்கூல் சீருடைக்கு அளவெடுத்தபோது, தையல் அக்கா தன் தம்பி மனைவியின் கழுத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு, "என்னடி, உடம்பு அப்படியே இருக்கு, கழுத்து மட்டும் பெருத்திருக்கு?" என்று கேட்டாள். விரல் வைத்துத் தடவினாள். எச்சில் விழுங்கச் சொன்னாள். வலது பக்கம் கோலிக்குண்டு போல ஒன்று ஏறி இறங்கியது. அதை அங்கேயே, தம்பி காதில் விழும்படி, போட்டு உடைத்தும் விட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்று இரண்டானது. தைராய்டில் வலது பக்கம் பெரிய கட்டி. இடது பக்கம் பட்டாணி அளவில் இன்னொன்று. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனாலும் சந்தேகம் தீர, இரண்டிலும் மெல்லிய ஊசி விட்டு செல் எடுத்து அனுப்பினார்கள்.

அது நடந்து பத்து நாள். ரிசல்ட் இன்றைக்கு, பன்னிரண்டு மணிக்கு.

கழுத்துக்குச் சொந்தக்காரியை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகக் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள். தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை ஆபத்துக்கு மட்டும் தொடுபவள். மாணவர்கள் நேரில் 'டீச்சர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ரெண்டாம் பிரேக்'.

அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை ஒரு வங்கி ஊழியர் நடைபாதையில் ஏறி நாற்காலிக் கடை வாசல் வரை வண்டியைக் கொண்டு போய்விட்டார். டீச்சர் பிரேக்கை மிதித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கடை திறந்துதான் இருக்கு. ஆனா நமக்கு இன்னைக்கு சோபா வேண்டாம். ரிவர்ஸ் போடுங்க."

அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலைப் பற்றித்தான் டாக்டர் போன முறை ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். ஆபரேஷன் என்று வந்தால், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. மிகச் சிலருக்குக் குரல் கம்மிவிடலாம். பெரும்பாலும் திரும்பிவிடும் என்று.

வெளியூர்க் கல்லூரி விடுதியில் இருக்கும் மகளுக்கு இது எதுவும் தெரியாது. கடைசி வருஷப் பரீட்சை வியாழக்கிழமை தொடங்குகிறது. அது முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று மூன்று பெரியவர்களும் பேசி வைத்திருந்தார்கள்.

இன்று திங்கட்கிழமை.

* * *

காலை ஏழு மணிக்கே அவள் கணவர், அந்த லிஃப்ட் மெக்கானிக், சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் டீச்சர்.

"வாஷர் தேய்ஞ்சிருக்கும்."

"தேய்ஞ்சிருக்கா?"

அவர் வாஷரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இல்ல. ஆனா தேயும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து மனுஷன் இப்படித்தான். கட்டிலின் ஆணியெல்லாம் முடுக்கியாகிவிட்டது. வீட்டில் ஒரு கதவுகூடக் கிரீச்சிடவில்லை. திருடன் வந்தால் சௌகரியமாக வந்து போகலாம்.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டா என்ன?" என்றார், குழாயைப் பார்த்தபடியே.

"போட்டுட்டு? சுவத்தைப் பார்த்துக்கிட்டு எச்சில் முழுங்கிட்டு உட்காரவா? உங்க அக்காவுக்கு ஒன்பது மணிக்கு டெஸ்ட். நான் இல்லாட்டி பயந்துடுவாங்க."

"அவளுக்கு இது மூணாவது தடவை. பழகியிருக்கும்."

"ஃபெயிலாகறது பழகவே பழகாதுங்க."

அவள் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அரை அங்குலம் கூட்டித் தைத்த புதுக் காலர், இடிக்கவில்லை. ஆனாலும் கண்ணாடி முன்னால் ஒரு நொடி நின்று, எச்சில் விழுங்கி, அது ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அதை அவரும் பார்த்தார். பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் தேடினார்.

"பன்னிரண்டு மணிக்கு நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்," என்றார்.

* * *

டெஸ்ட் மைதானத்தில் தையல் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐம்பத்தொரு வயது. நான்கு தையல் மிஷின், மூன்று வேலைக்காரப் பெண்கள். பள்ளிக்கூடச் சீருடையும் ஆஸ்பத்திரி அங்கியும் தைத்து, மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஊர் முழுக்கக் கொடுத்து வந்தவள், 'இனிமே என் தோள் சுமக்காது, வேன் சுமக்கட்டும்' என்று முடிவெடுத்திருந்தாள். முதல் டெஸ்டில் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே அரை மைதானம் ஓட்டினாள். இரண்டாவதில் தடம் குறித்து வைத்திருந்த கூம்பு இரண்டைச் சாய்த்து, ஒன்றை வண்டிக்கடியிலேயே இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஆனால் இன்றைய மனக்குறை டெஸ்டைப் பற்றியது அல்ல. மூன்று நாளாக வண்டிக்குள் தம்பி மனைவி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேசுகிறாள், சிரிக்கிறாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினால் வாயையும் சாத்திவிடுகிறாள். வேகத்தைக் குறைக்க டாஷ்போர்டில் ஒரு தட்டு. கியர் மாற்ற இரண்டு தட்டு. உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும். சுண்டுவிரலை உயர்த்தினால் கண்ணாடி பார்க்க வேண்டும்.

'என் வாய்தான் காரணம். நான்தானே அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கட்டின்னு கத்தினேன். கண்ணு வெச்சுட்டேன்னு நினைக்கிறா போல.' மூன்று நாளாக அக்கா இதையே நினைத்து நினைத்துத் தைத்ததில் இரண்டு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

சோதிக்கும் அதிகாரி சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்தவர். ஏறி உட்கார்ந்தார். "போங்க" என்றார். அவ்வளவுதான்.

போன இரண்டு முறையும் அந்த மௌனம்தான் அவளை உலுக்கியது. பேசாத மனிதர் மனதில் என்ன நினைக்கிறாரோ என்று பயந்தே தப்புச் செய்தாள். இன்றைக்கு விசித்திரமாக, அந்த மௌனம் உறைக்கவே இல்லை. மூன்று நாளாகப் பழகிய மௌனம்தானே! காது சும்மா இருந்ததும் கண் வேலை செய்தது. கூம்புகளுக்கு நடுவே பின்னால் எடுத்தாள். மேட்டில் நிறுத்தி, ஒரு அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் கிளப்பினாள்.

வேலிக்கு வெளியே நின்ற டீச்சரின் கால் தரையில் இல்லாத பிரேக்கை ஒரே ஒரு தடவை மிதித்தது. அப்புறம் மிதிக்கவில்லை.

அதிகாரி இறங்கினார். தாளில் என்னவோ கிறுக்கினார். "பாஸ்" என்றார். நடந்தார்.

* * *

வண்டிக்குள் வந்து உட்கார்ந்ததும் அக்கா கதவைப் படாரென்று சாத்தினாள்.

"பாஸாயிட்டேன். இப்பவாவது வாயைத் திற. என் மேல என்ன கோவம் உனக்கு?"

டீச்சர் திகைத்துப் போனாள். "கோவமா? யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மூணு நாளா ஊமை மாதிரி டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தியே! நான் அன்னைக்கு அப்படிப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது, ஒத்துக்கறேன். அதுக்காக..."

"அக்கா, அக்கா." டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். "நீங்க அன்னைக்குச் சொல்லாட்டி நான் இன்னும் காலர்தான் சின்னதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். கோவமெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

டீச்சர் முன்கண்ணாடி வழியே மைதானத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"குரல் 'பெரும்பாலும்' திரும்பிடும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? அந்தப் 'பெரும்பாலும்'ல நான் சேராமப் போயிட்டா? என் சோறே இந்தக் குரல்லதான் இருக்கு. கத்தாமச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியும். பேசாமச் சொல்லிக் கொடுக்க முடியுமான்னு பார்த்தேன்."

அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"காசு கொடுத்துக் கத்துக்க வர்றவங்ககிட்டப் பரீட்சை பண்ணிப் பார்க்க முடியுமா? உங்ககிட்டதான் அந்த உரிமை இருக்கு."

"என்கிட்டச் சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க. கண்ணு கலங்கினா சைடு கண்ணாடி தெரியாது."

அது உண்மைதான். இப்போதே எதுவும் தெரியவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று அவளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் இடிந்து போய் உட்கார்ந்தார்கள். இவள் மட்டும், குரல் போனால் அடுத்த நாள் காலையில் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறாள். யோசித்ததோடு விடாமல் செய்தும் பார்த்திருக்கிறாள். அதில் ஒருத்தியைப் பாஸ் பண்ணவும் வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக இவளை 'தம்பி பொண்டாட்டி' என்றே நினைத்து வந்தோமே, இவள் யாரென்று பார்க்கவே இல்லையே என்று அக்காவுக்குத் தோன்றியது.

"உனக்குப் பயமே கிடையாதாடி?"

"இருக்கு அக்கா." குரல் லேசாக இறங்கியது. "காலையில பல்லு விளக்கும்போது இருக்கு. சாப்பாடு இறங்கும்போது இருக்கு. வண்டி ஓடறப்போ மட்டும்தான் இல்ல. அதனாலதான் லீவு போடல."

பிறகு வழக்கமான குரலில், "ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஓட்டுங்க. என் காலு இன்னைக்குப் பிரேக்கைத் தொடாது," என்றாள்.

தொடவில்லை.

* * *

மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கதவு ரோலர் தேய்ஞ்சிருக்கு," என்றார்.

"உங்களைக் கூப்பிட்டாங்களா?" என்றாள் மனைவி. விரலெல்லாம் கிரீஸ் கறையோடு, வேலை பார்த்த சட்டையோடு வந்திருந்தார். அவள் அந்தக் கறை பட்ட கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வட்டக் கண்ணாடி போட்ட இளம் பெண். இழுத்தடிக்கவில்லை.

"பெரிய கட்டியைப் பத்திப் பயப்பட வேண்டாம். சாதாரணக் கட்டி. அப்பப்போ ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டா போதும்."

மெக்கானிக் பத்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"ஆனா சின்னது..." டாக்டர் தாளைத் திருப்பினாள். "அதுல எடுத்த செல்லைப் பார்த்து நல்லதுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. கெட்டதுன்னும் சொல்ல முடியல. இப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்குக் கடைசியில ஒண்ணும் இருக்காது. அதுக்காக அப்படியே விட்டுடவும் முடியாது."

"அப்போ ரிசல்ட் என்ன?" என்றாள் அக்கா.

"தெரியலைங்கறதுதாம்மா ரிசல்ட்."

நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் அவர்கள் மனசைத் தயார் செய்து வந்திருந்தார்கள். நடுவில் ஒன்று இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள் டாக்டர். "எட்டு வாரம் கழிச்சு மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம். இல்லாட்டி அந்தப் பக்கத்தை மட்டும் ஆபரேஷன் பண்ணி எடுத்து, சோதிச்சுப் பார்க்கலாம்."

"எடுத்துடுங்க டாக்டர்," என்றார் மெக்கானிக் உடனே. "லிஃப்ட்ல ஒரு கயிறு மேல சந்தேகம் வந்தா நாங்க எட்டு வாரம் காத்திருக்க மாட்டோம். மாத்திடுவோம்."

"கயித்துக்கு மாத்துக் கயிறு இருக்குங்க," என்றாள் டீச்சர் மெதுவாக.

அவர் கிரீஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் டாக்டர் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தாள். கேள்விகளை எழுதியே கொண்டு வந்திருந்தாள்.

"எட்டு வாரத்துல அது ஓடிப் போய் வேற எங்கயாவது பரவிடுமா?"

"கெட்டதாவே இருந்தாலும், இந்த அளவுக் கட்டி இவ்வளவு நாள்ல அப்படிப் போறது ரொம்ப அபூர்வம். மெதுவா வளர்ற ரகம்தான் அதிகம்."

"ஏன் எட்டு வாரம்? நாளைக்கே போட்டா?"

"ஊசி பட்ட இடம் ஆறணும். இல்லாட்டி அந்தப் புண்ணே செல்லை வேற மாதிரி காட்டும். மறுபடி குழப்பம்தான்."

"நடுவுல நான் வேலை பார்க்கலாமா?"

"தாராளமா. முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, குரல் மாறினாலோ, கட்டி சட்டுனு பெருத்தாலோ அன்னைக்கே வந்துடணும்."

டீச்சர் தாளை மடித்தாள். கணவரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிக்னலில் பச்சைக்குக் காத்திருப்பவர்கள் போல.

"மறுபடி ஊசியே போடுங்க டாக்டர். தெரிஞ்சுக்கிட்டு வெட்டலாம். தெரியாம வெட்ட வேண்டாம்."

"சரியான முடிவு," என்று டாக்டர் தேதி குறித்தாள்.

"டெஸ்டுல ரெண்டு தடவை வழுக்கினவ சொல்றேன்," என்றாள் அக்கா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "மறு டெஸ்டுன்னா ஒண்ணும் ஆயிடாது. கூம்பு மட்டும் கொஞ்சம் சாயும்."

டாக்டருக்கு அது புரியவில்லை. மற்ற இருவருக்கும் புரிந்தது.

* * *

வண்டி நிறுத்துமிடத்தில், அக்கா சாவியைப் போடுவதற்கு முன் டீச்சர் போனை எடுத்தாள்.

"பொண்ணுக்குச் சொல்லிடப் போறேன்."

"இப்பவா?" பின் இருக்கையிலிருந்து மெக்கானிக் முன்னால் சாய்ந்தார். "மூணு நாள்ல பரீட்சை. முடியட்டும்னு தானே பேசினோம்?"

"அது இன்னைக்கே ஒரு முடிவு தெரிஞ்சுடும்னு நினைச்சுப் பேசினது. இப்ப எட்டு வாரம். எட்டு வாரம் என்னால அவகிட்டப் பொய்க்குரல்ல பேச முடியாதுங்க. இந்தக் குரலைப் பொய்க்குச் செலவு பண்ண எனக்கு மனசு வரல."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் மகள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அம்மா? ரிசல்ட் வந்துடுச்சா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு எப்படி..." என்றாள் டீச்சர்.

"என் டேப்லெட்டும் அப்பா அக்கவுண்ட்லதான்மா இருக்கு. அவர் போன்ல எதைத் தேடினாலும் இங்கயும் வருது. ரெண்டு வாரமா ஒரே தைராய்டு கட்டி, ஊசி, குரல் நரம்பு... நான் அப்பாவுக்குத்தான்னு நினைச்சுப் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன்." குரல் உடைந்தது. "நேத்து ஒண்ணு தேடியிருக்கார். 'மனைவிக்குத் தைரியம் சொல்வது எப்படி'ன்னு. அப்பதான்மா உனக்குன்னு தெரிஞ்சுது."

பின் இருக்கையில் மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெரியதில் பயமில்லை, சின்னதில் தெரியவில்லை, எட்டு வாரம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மகள் நடுவில் பேசாமல் கேட்டாள்.

"அவ்வளவுதான். இனிமே எது வந்தாலும் உனக்கும் அன்னைக்கே தெரியும். சரியா? நீ போய்ப் படி."

இரைச்சல் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு ஹாரன்.

"எங்கடி இருக்க?"

"பஸ்ல." கொஞ்சம் தயங்கி, "காலையிலயே ஏறிட்டேன்மா. மூணு மணிக்கு வந்து சேரும்."

"வியாழக்கிழமை பரீட்சை வெச்சுக்கிட்டா?" என்று அக்கா கத்தியே விட்டாள். டீச்சர் கையைக் காட்டி அவளை அடக்கினாள்.

"சரி, வா. புத்தகமெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

மறுமுனையில் வெகுநேரம் பதில் இல்லை.

"அம்மா... அதைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு பேசணும். இது வேற விஷயம். ஆறு மாசமா உன்கிட்டச் சொல்லணும்னு இருக்கேன். போன்ல வேண்டாம். நேர்ல சொல்றேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"என்னவாம்? ஆறு மாசமாமே?" என்றாள் அக்கா. "புத்தகம் இல்லாம எதுக்கு வர்றா?"

டீச்சர் போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு இருக்கையில் திரும்பி, பின்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள்.

"தைரியம் சொல்றது எப்படின்னு ஏதாவது கிடைச்சுதா?"

"எங்க கிடைக்குது," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் சத்து மாவு விளம்பரமா வருது."

டீச்சர் சிரித்தாள். பத்து நாளில் முதல் தடவையாக, கழுத்தைப் பற்றி நினைக்காமல், வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க," என்றாள். "நாம முன்னாடியே போய் நிப்போம். என்ன சொன்னாலும் இறங்கின உடனே சொல்லட்டும்."